ஸ்கேனுக்கு முன்பே போட வேண்டிய கணக்கு: வில்லிவாக்கத்துத் தையல்கார அம்மா, ஒரு நிகழ்வு ஆய்வு

குடும்ப மருத்துவர்களிடம் எலும்பு முறிவு அபாயக் கணிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால், "டெக்சா ஸ்கேன் ரிப்போர்ட் கையில் இருந்தால்தானே அதைப் போட முடியும்?" என்று பலரும் திருப்பிக் கேட்கிறார்கள். டெக்சா என்பது எலும்பு அடர்த்தியை அளக்கும் ஸ்கேன். அபாயத்தைக் கணிக்கும் ஃப்ராக்ஸ் என்ற இணையக் கருவியின் பெயரை அறிந்தவர்களிலும் அநேகர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஸ்கேன் எங்கோ இருக்கிறது, பணம் பிடிக்கும், நோயாளி போகமாட்டார். ஆகவே கருவியும் நமக்கில்லை என்று பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் ஸ்கேன் இல்லாமலே அந்தக் கணக்கைப் போடலாம். யாரை ஸ்கேனுக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கவே முதலில் அதைப் போட வேண்டும். கீழே வரும் நிகழ்வு இதைத் தெளிவாகக் காட்டுவதால் விரிவாகவே எழுதுகிறேன். நோயாளியின் ஒப்புதல் பெறப்பட்டது. அவரை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்த காரணம்

69 வயது அம்மா. வில்லிவாக்கத்தில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாவது மாடியில் மகன் குடும்பத்தோடு இருக்கிறார். கணவர் இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. வீட்டிலேயே ரவிக்கை தைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். இன்னும் மெஷினை விடவில்லை. வழக்கமாகப் போய்க்கொண்டிருந்த கிளினிக் மூடப்பட்டதால் இரத்த அழுத்த மாத்திரை எழுதி வாங்க என்னிடம் வந்தார். மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்திருக்கும்போதுதான், "முதுகு மட்டும் கொஞ்சம் பிடித்துக்கொண்டே இருக்கிறது டாக்டர்" என்றார்.

வலி தொடங்கியது ஒரு தண்ணீர்த் தட்டுப்பாட்டு நாளில். கீழே லாரியில் பிடித்த குடத்தை இடுப்பில் தூக்கிவைக்கும்போது நடுமுதுகில் 'சுரீர்' என்றது. ஒரு வாரம் புரண்டு படுக்க முடியவில்லை. பக்கத்தில் ஓரிடத்தில் வலி ஊசி போட்டு, கால்சியம் மாத்திரை கொடுத்து, "வயதானால் இப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரத்தில் வலி பாதியாகக் குறைந்தது. குறைந்துவிட்டதால் யாரும் மேற்கொண்டு பார்க்கவில்லை.

மாதவிடாய் நின்ற பெண் ஒருவர் கனம் தூக்கும்போது திடீரென்று நடுமுதுகில் வலி வந்து, சில வாரங்களில் தானாகக் குறைந்தால், தசைப்பிடிப்பு என்று எழுதுவதற்கு முன் முதுகெலும்பு நசுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதுகெலும்பு முறிவுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மருத்துவர் கவனத்துக்கே வருவதில்லை. கையோ காலோ ஒடிந்தால் ஊரே பார்க்கும். முதுகெலும்பு நொறுங்கினால் 'வாயுப் பிடிப்பு' என்று தைலத்தோடு போய்விடும்.

எங்கெங்கோ கிடந்த வரலாறு

ஃப்ராக்ஸ் படிவத்தைக் கைப்பேசியில் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசினேன். அந்தப் படிவம் கேட்கும் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டபோது வெளிவந்த செய்திகள் எதுவும் அவருடைய பழைய சீட்டுகளில் இல்லை.

முந்தைய முறிவு உண்டா என்று கேட்டேன். "இல்லை" என்றார். கையை ஊன்றி விழுந்ததே இல்லையா என்று மாற்றிக் கேட்டதும், "அது ஒரு தடவை, துவைக்கிற கல் பக்கத்தில் வழுக்கி..." என்று இடது மணிக்கட்டைக் காட்டினார். மணிக்கட்டு லேசாக வளைந்தே சேர்ந்திருந்தது. புத்தூர் கட்டுப் போட்டுக்கொண்டாராம். பச்சிலைச் சாறும் முட்டை வெள்ளைக்கருவும் தடவி மூங்கில் பத்தை வைத்துக் கட்டும் அந்த வைத்தியத்தைக் குறைகூற இங்கே இடமில்லை; சென்னையில் அதற்குப் போகாத குடும்பம் குறைவு. ஆனால் அப்படிக் குணமான முறிவு எந்த மருத்துவக் குறிப்பிலும் ஏறுவதில்லை. நோயாளிகூட அதை முறிவு என்று எண்ணுவதில்லை. 'கட்டுப் போட்டது' என்றுதான் நினைவில் வைத்திருக்கிறார். எனவே எங்கள் பக்கத்தில் கேள்வியை, "எப்போதாவது கட்டுப் போட்டிருக்கிறீர்களா? மாவுக்கட்டா, புத்தூர் கட்டா?" என்று கேட்பதுதான் பலன் தருகிறது.

நிற்கும் உயரத்திலிருந்து, அல்லது அதற்கும் குறைவான உயரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிந்தால் அது வலுவிழந்த எலும்பின் முறிவு. மணிக்கட்டில் அப்படி ஒன்று வந்துவிட்டால் அடுத்த முறிவுக்கான வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. முதல் இரண்டு ஆண்டுகளில் அது இன்னும் கூடுதல்.

அடுத்த கேள்வி பெற்றோரின் இடுப்பெலும்பு முறிவு. அவருடைய தாயார் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சைக்குப் பயந்து படுக்கையிலேயே கிடந்து, வருடம் திரும்புவதற்குள் இறந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்தவர்களில் ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறப்பது பல நாடுகளின் அனுபவம் என்பதால் இது புதிதல்ல. மகள் அதை எலும்பு நோயாக எண்ணவில்லை. "அம்மா வழுக்கி விழுந்து போய்விட்டாள்" என்றுதான் சொன்னார்.

ஸ்டீராய்டு மாத்திரைக்கு வந்தபோது, அப்படி எதுவும் சாப்பிடுவதில்லை என்று மகன் உறுதியாகச் சொன்னார். அம்மா பையிலிருந்து எடுத்த மருந்து அட்டைகளில் பிரெட்னிசலோன் 5 மி.கி. இருந்தது. மழைக்கால இளைப்புக்கு எப்போதோ ஒரு மருத்துவர் எழுதியது. அந்தப் பழைய சீட்டைக் காட்டி, ஐப்பசி பிறந்தால் மாசி வரைக்கும் தினம் ஒன்றாக மருந்துக்கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார், பல ஆண்டுகளாக. ஃப்ராக்ஸ் கேட்பது நாளுக்கு 5 மி.கி. அல்லது அதற்கு மேல், மூன்று மாதத்துக்கு அதிகமாக எடுத்ததுண்டா என்பது. உண்டு.

43 வயதில் கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள், சினைப்பைகளையும் சேர்த்து. 45 வயதுக்கு முன் மாதவிடாய் நின்றால் படிவத்தில் 'இரண்டாம் நிலை எலும்புப்புரை' (வேறொரு காரணத்தால் வரும் எலும்பு வலுவிழப்பு) என்ற பெட்டியில் ஆம் என்று குறிக்க வேண்டும். நம் ஊரில் இந்த அறுவை சாதாரணமாக நடக்கிறது. சினைப்பை போனதா இருக்கிறதா என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடிக் கொண்டுவரச் சொன்னதால்தான் இவருக்குத் தெரிந்தது.

முட்டிவலியும் இருந்தது. அவர் வாயில் அது 'மூட்டுவாதம்'. இங்கேதான் பலர் ருமட்டாய்டு மூட்டழற்சிப் பெட்டியில் குறியிட்டுவிடுகிறார்கள். அது தவறு, வயதால் வரும் முட்டித் தேய்மானத்துக்கு அந்தப் பெட்டி அல்ல. புகைப்பழக்கம் இல்லை, மது இல்லை. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் உண்டு. படிவத்தில் அதற்கு இடமில்லை.

கடைசியாக ஒரு முகாம் சீட்டு. குடியிருப்பு ஒன்றில் இலவசமாகக் குதிகாலை வைத்துப் பார்த்த அல்ட்ராசவுண்ட். எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம், பக்கத்தில் கால்சியம் டப்பாவின் பெயர். இந்த முகாம்களின் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. குதிகால் எண்ணை டெக்சாவின் டி ஸ்கோராக (இளம் வயதின் சராசரியோடு ஒப்பிட்ட எலும்பு அடர்த்தி எண்) கொள்ளக் கூடாது. ஃப்ராக்ஸில் அதை இடவும் கூடாது. அங்கே கேட்பது தொடையெலும்புக் கழுத்தின் அடர்த்தியை மட்டும்தான். ஆனால் அந்தச் சீட்டைத் தூக்கி எறியவும் இல்லை. யாரோ ஒருவர் ஏற்கனவே எச்சரித்திருக்கிறார், அந்த எச்சரிக்கை கால்சியம் டப்பாவில் போய் முடிந்திருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

ஸ்டீராய்டு மார்பு மருத்துவரின் சீட்டில், சினைப்பை அறுவை மருத்துவமனையின் கோப்பில், மணிக்கட்டு புத்தூரில், தாயாரின் கதை மகளின் நினைவில். இவை நான்கையும் ஒரே மேசையில் சேர்க்கக்கூடியவர் குடும்ப மருத்துவர் ஒருவர்தான்.

பரிசோதனை

எடை 43 கிலோ. உயரம் அளப்பதில்தான் சிக்கல். எடை மெஷின் இல்லாத கிளினிக்கைப் பார்க்க முடியாது. உயரம் அளக்கும் பலகை உள்ள கிளினிக்கைத் தேட வேண்டும். சுவரோரமாக நிற்கவைத்து அளவுகோலைத் தேடியபோது அவரே பையிலிருந்து தையல் டேப்பை எடுத்து நீட்டினார். 147 செ.மீ. இளமையில் எவ்வளவு என்றால், வரன் பார்த்த காலத்தில் அண்ணன் எழுதிக் கொடுத்த தாளில் ஐந்தடி ஒரு அங்குலம், அதாவது 155 செ.மீ. வரன் தாளில் ஓர் அங்குலம் கூட்டிப் போடுவது ஊர் வழக்கம். அதைக் கழித்தாலும் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருக்கிறது. 4 செ.மீ.க்கு மேல் குறைந்தாலே முதுகெலும்பைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

அளவு காட்டுவதற்கு முன்பே அவருக்கு இது தெரிந்திருந்தது. "முன்பெல்லாம் புடவை கணுக்காலுக்குச் சரியாக நிற்கும். இப்போது தரையில் இழுபடுகிறது. கொசுவத்துக்கு மேல் இன்னொரு மடிப்பு செருக வேண்டியிருக்கிறது" என்றார். தையல்காரர் கண். தன் ரவிக்கையின் முதுகுப் பக்கத்தை முன்பக்கத்தைவிட நீளமாக வெட்டத் தொடங்கியிருப்பதையும் அவரே சொன்னார்; கூன் விழத் தொடங்கியதை அளவுத் துணி முதலில் கண்டுபிடித்திருக்கிறது.

சுவரில் குதிகாலும் முதுகும் ஒட்டி நின்றால் பின்தலை சுவரைத் தொடவில்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே ஒரு விரல்தான் நுழைந்தது. படுத்து எழுந்ததும் இரத்த அழுத்தம் 20 புள்ளிக்கு மேல் இறங்கியது. இரவில் தூக்க மாத்திரை. மாலையில் சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரை. இரவில் மூன்று முறை இருட்டில் எழுந்து கழிப்பறைக்குப் போகிறார்.

கணக்கு

முதலில் சீட்டின் பின்பக்கத்தில் போட்டது ஓஸ்டா. ஆசியப் பெண்களுக்காக 2001இல் வந்த எளிய சூத்திரம்: எடையிலிருந்து வயதைக் கழித்து 0.2ஆல் பெருக்க வேண்டும். 43இலிருந்து 69 போக மைனஸ் 26. பெருக்கினால் மைனஸ் 5.2. மைனஸ் 4க்குக் கீழே போனால் எலும்புப்புரைக்கு அதிக வாய்ப்பு, மைனஸ் 1க்கு மேலே இருந்தால் குறைவு, நடுவில் நடுத்தரம். இதற்கு இணையம் வேண்டாம், படிவம் வேண்டாம். இது முறிவைக் கணிப்பதில்லை. ஸ்கேன் யாருக்கு வேண்டும் என்பதைச் சொல்கிறது.

அடுத்து ஃப்ராக்ஸ். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் ஜான் கேனிஸ் குழு உருவாக்கி 2008இல் வெளியிட்டது. 40 முதல் 90 வயது வரை செல்லும். அடுத்த பத்து ஆண்டுகளில் முதுகெலும்பு, முன்கை, தோள், இடுப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று முறியும் வாய்ப்பு ஓர் எண். இடுப்பெலும்பு மட்டும் முறியும் வாய்ப்பு இன்னோர் எண். எலும்பு அடர்த்திப் பெட்டியைக் காலியாக விட்டு, நாடு இந்தியா என்று தேர்ந்து பொத்தானை அழுத்தினேன். இடுப்புக்கான எண் 3 சதவீதத்தைத் தாண்டி நின்றது. துல்லியமான எண்ணை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் வாசிப்பவர் அதைத் தம் அம்மாவுக்கும் பொருத்திப் பார்ப்பார்.

3 சதவீதம் என்பது எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். அது அமெரிக்க வரம்பு: இடுப்புக்கு 3, எல்லா முக்கிய முறிவுகளுக்கும் சேர்த்து 20. அந்நாட்டு மருத்துவச் செலவை வைத்து, டி ஸ்கோர் மைனஸ் 1க்கும் மைனஸ் 2.5க்கும் இடையில் இருப்பவர்களுக்கு மருந்து கொடுக்கலாமா என்று தீர்மானிக்கப் போடப்பட்டது. பிரிட்டனில் வயதுக்கு வயது வரம்பு மாறும். இங்கே பலர் அமெரிக்க எண்ணையே கைக்கொள்கிறார்கள். இந்தியாவுக்கான ஃப்ராக்ஸ் கணக்கோ, சிங்கப்பூரில் வாழும் இந்தியர்களின் இடுப்பு முறிவு விகிதத்தை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே எண்ணின் தசமப் புள்ளிக்காகச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. வரம்புக்கு அருகில் நிற்பவரிடம் தயங்கலாம். இவர் அருகில் நிற்கவில்லை.

எக்ஸ்ரேயும் ஸ்கேனும்

பக்கவாட்டு எக்ஸ்ரேயில் பன்னிரண்டாவது மார்பு முள்ளெலும்பு முன்பக்கம் ஆப்பு போல நசுங்கியிருந்தது. குடம் தூக்கிய நாளின் 'சுரீர்' அதுதான்.

டெக்சாவில் தொடையெலும்புக் கழுத்தின் டி ஸ்கோர் மைனஸ் 2.3, இடுப்புப் பகுதி முதுகெலும்பில் மைனஸ் 1.6. ரிப்போர்ட்டின் அடியில் 'ஆஸ்டியோபீனியா', அதாவது எலும்புப்புரை அளவுக்குப் போகாத அடர்த்திக் குறைவு, என்று அச்சாகியிருந்தது. மகனுக்குப் பெரிய நிம்மதி. "நோய் இல்லை, தொடக்கம்தான் என்று போட்டிருக்கிறார்கள் டாக்டர், நெட்டில் பார்த்தேன்" என்றார்.

இந்த இடத்தில்தான் அநேகர் விட்டுவிடுகிறார்கள். எலும்புப்புரைக்கு மைனஸ் 2.5 என்ற கோட்டை உலக சுகாதார நிறுவனம் 1994இல் வரைந்தது. அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்கு முறிவு வராது என்று யாரும் சொல்லவில்லை. எலும்பு முறியும் பெண்களில் பெரும்பாலோர் அந்தக் கோட்டுக்கு மேல்தான் இருக்கிறார்கள்; எண்ணிக்கையில் அவர்கள்தான் அதிகம் என்பதால். முதுகெலும்பின் மைனஸ் 1.6ஐ நம்பவும் முடியாது. வயதான முதுகில் சுண்ணாம்பு படிந்து முள் வளர்வதால் அடர்த்தி கூடுதலாகக் காட்டும். அடர்த்தி என்னவாக இருந்தாலும், சின்ன விசைக்கு முள்ளெலும்பு நசுங்கியிருப்பதே எலும்புப்புரை என்று முடிவுசெய்யப் போதும். "தம்பி, ரிப்போர்ட் எலும்பை மட்டும் பார்த்தது. நாம் அம்மாவைப் பார்க்கிறோம்" என்றேன். அவருக்கு அது முழுதாக ஏறவில்லை. ஃப்ராக்ஸ் திரையைக் காட்டி, ஸ்டீராய்டுக்கான குறியை எடுத்தால் எண் எவ்வளவு இறங்குகிறது, பாட்டியின் முறிவை எடுத்தால் எவ்வளவு இறங்குகிறது என்று அழுத்திக் காட்டிய பிறகுதான் ஏறியது.

முதுகெலும்போ இடுப்போ ஏற்கனவே முறிந்தவருக்கு மருந்து தொடங்க ஃப்ராக்ஸ் தேவையே இல்லை. இவருக்கு அந்தக் கருவி செய்த வேலை வேறு. படிவத்தின் கேள்விகள் வரலாற்றைக் கறந்தன, எக்ஸ்ரேக்கு வழி காட்டின. எண்ணைவிடக் கேள்விகள்தான் கிளினிக்கில் அதிகம் உழைக்கின்றன என்பது என் கருத்து.

மற்ற சோதனைகளும் சிகிச்சையும்

வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 13 நானோகிராம், குறைபாடுதான். இத்தனை வெயில் அடிக்கும் ஊரில் இது யாரையும் ஆச்சரியப்படுத்துவதில்லை. வெயில் வெளியில் அடிக்கிறது, அம்மாக்கள் உள்ளே இருக்கிறார்கள். கால்சியம், தைராய்டு இயல்பு. முதுகெலும்பு நசுங்கியவர்களில் எலும்பு மஜ்ஜைப் புற்றைத் தவறவிடக் கூடாது என்பதற்காகச் செய்த இரத்தப் புரதச் சோதனையிலும் குறை இல்லை.

சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 0.9, ஆய்வகச் சீட்டில் 'இயல்பு'. ஆனால் 43 கிலோ எடையையும் 69 வயதையும் சேர்த்துக் கணக்கிட்டால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 40 மி.லி. அளவில்தான் வருகிறது. 35க்குக் கீழே இருந்தால் எலும்புப்புரை மருந்துகளான சோலெட்ரோனிக் அமிலமும் அலெண்ட்ரோனேட்டும் கூடாது. மெலிந்த முதியவர்களுக்கு இந்தக் கணக்கைப் போடாமல் மருந்து எழுதுவது ஆபத்து.

வாரம் ஒரு முறை அலெண்ட்ரோனேட் 70 மி.கி. மலிவானது. ஆனால் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் காபி குடிக்காமல் இருக்க வேண்டும். இவருக்கு நெஞ்செரிச்சல் உண்டு. விடிந்ததும் காபி இல்லாமல் முடியாது என்று அவரே சொல்லிவிட்டார். டெனோசுமாப் ஆறு மாதத்துக்கு ஓர் ஊசி, சிறுநீரகம் தடையில்லை. ஆனால் ஒரு தவணையைத் தள்ளிப்போட்டால் எலும்பு அடர்த்தி சரசரவென்று இறங்கி, பல முள்ளெலும்புகள் ஒருசேர நசுங்கக்கூடும். மகனுக்கு மாற்றலாகும் வேலை. தொடர்ந்து போட்டுவிடுவோம் என்று உறுதி தர முடியாத வீட்டில் அதைத் தொடங்க நான் தயங்குவேன். ஸ்டீராய்டும் முதுகெலும்பு முறிவும் சேர்ந்தவருக்கு டெரிபாரடைட் நல்ல தேர்வுதான். தினசரி ஊசியும் விலையும் அவர்களுக்கு ஒத்துவரவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம் 5 மி.கி. என்று முடிவாயிற்று. 2007இல் வெளியான ஹொரைசன் ஆய்வில் இந்த மருந்து மூன்று ஆண்டுகளில் முதுகெலும்பு முறிவை 70 சதவீதமும் இடுப்பு முறிவை 41 சதவீதமும் குறைத்தது.

அதற்கு முன் எட்டு வாரம், வாரம் ஒரு முறை வைட்டமின் டி 60,000 யூனிட். குறைபாட்டைச் சரிசெய்யாமல் இந்த மருந்தை ஏற்றினால் இரத்தத்தில் கால்சியம் அபாயமாக இறங்கும். பல் மருத்துவரிடம் அனுப்பி, பிடுங்க வேண்டியிருந்த கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி ஆறவிட்டோம். தாடை எலும்பு அழுகிவிடுமாம் என்று மகன் வாட்ஸப்பில் வந்ததைக் காட்டினார். எலும்புப்புரைக்கான அளவில் இந்த மருந்து எடுப்பவர்களுக்கு அது ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் ஒருவர் அல்லது அதற்கும் குறைவு. புற்றுநோய்க்கு மாதந்தோறும் அதிக அளவு ஏற்றுபவர்களின் கதை வேறு. ஏற்றிய மறுநாள் காய்ச்சலும் உடல்வலியும் வரும், பாராசிட்டமால் போதும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தோம். வந்தது, இரண்டு நாளில் போனது. சொல்லாமல் விட்டிருந்தால் இரண்டாவது டோஸுக்கு வரமாட்டார்.

ஸ்டீராய்டை ஒரே நாளில் நிறுத்தவில்லை. பல மாதம் எடுத்தவருக்கு அட்ரினல் சுரப்பி உறங்கிப் போயிருக்கும். மார்பு மருத்துவர் ஸ்பேசரோடு இன்ஹேலர் பழக்கிவிட்டு, மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார். கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மி.கி. கால்சியம் உண்டு, ஒரு வேளை கேழ்வரகு, இரண்டு டம்ளர் பால் அல்லது மோர் என்று சாப்பாட்டிலேயே பெரும்பகுதியைச் சரிக்கட்டினோம். கால்சியம் மாத்திரை ஒன்றாகக் குறைந்தது.

விழுவதைப் பற்றி ஃப்ராக்ஸின் அசல் படிவம் ஒன்றும் கேட்பதில்லை. அதன் பெரிய குறை அது. முறிவுக்கு எலும்பும் வேண்டும், விழுதலும் வேண்டும். தூக்க மாத்திரையைக் குறைத்து நிறுத்தினோம். சிறுநீர் மாத்திரையைக் காலைக்கு மாற்றினோம். கண்புரைக்கு நாள் குறித்தார்கள். குளியலறையில் கைப்பிடி, இரவு விளக்கு. குடம் தூக்குவது தடை. இதற்குத்தான் வீட்டில் வாக்குவாதம் நடந்தது. வாசலில் குனிந்து கோலம் போடுவதை விடமாட்டேன் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். பிசியோதெரபிஸ்ட் ஒருவர், முதுகை வளைக்காமல் முட்டியை மடக்கி முக்காலியில் உட்கார்ந்து போடப் பழக்கினார்.

ஏன் யாரும் திறப்பதில்லை

எங்கள் பகுதிக் குடும்ப மருத்துவர்கள் அவ்வப்போது கூடும் இடத்தில் இந்த நிகழ்வை வைத்துப் பேசினோம். பெயரைக் கேள்விப்பட்டவர்கள் பலர் இருந்தார்கள். நோயாளியை எதிரில் வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்தவர்கள் மிகச் சிலர். நேரமில்லை என்றார் ஒருவர். உண்மைதான், மாலையில் நாற்பது பேர் காத்திருக்கும்போது படிவம் நிரப்ப முடியாது. ஆனால் அதை எல்லோருக்கும் போட வேண்டியதில்லை. 65 வயது தாண்டிய பெண்கள், கட்டுப் போட்டவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள், உயரம் குறைந்தவர்கள் என்று சலித்தால் நாளுக்கு ஒருவரோ இருவரோ வருவார்கள்.

இன்னொருவர் கேட்டதுதான் கனமான கேள்வி: "கணக்குப் போட்டு எண் கூடுதலாக வந்தால், பிறகு நான் என்ன செய்வது?" எலும்பு மருந்து தொடங்குவது தம் வேலை இல்லை என்று குடும்ப மருத்துவர் நினைக்கிறார். எலும்பு மருத்துவர் முறிவைச் சேர்த்து அனுப்பிவிடுகிறார். ஹார்மோன் மருத்துவரிடம் நோயாளி போவதே இல்லை. கையில் எண் இருந்தும் யார் பொறுப்பு என்று தெரியாவிட்டால் அந்த எண் பாரம்தான். அலெண்ட்ரோனேட்டும் வைட்டமின் டியும் எந்தக் குடும்ப மருத்துவரும் எழுதக்கூடியவை. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் எழுதுவதைவிட இது கடினமல்ல என்று நான் வாதிட்டேன். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது.

நீரிழிவைச் சொன்னதால் இன்னொன்று. ஃப்ராக்ஸ் இரண்டாம் வகை நீரிழிவைக் கணக்கில் எடுப்பதில்லை. சென்னையில் இது சின்னக் குறையல்ல. அந்த நோயாளிகளுக்கு எலும்பு அடர்த்தி நன்றாகக் காட்டும்போதே எலும்பு முறிகிறது. ருமட்டாய்டு பெட்டியில் குறியிட்டு ஈடுகட்டுவது ஒரு வழக்கமான உபாயம். ஃப்ராக்ஸ்பிளஸ் என்ற பிந்தைய வடிவத்தில் நீரிழிவு, விழுதல், ஸ்டீராய்டு அளவு, முறிவு எவ்வளவு அண்மையில் நடந்தது ஆகியவற்றுக்கு இடம் தந்திருக்கிறார்கள். பிரிட்டனின் கியூஃப்ராக்ச்சரில் நீரிழிவும் விழுதலும் உண்டு. ஆஸ்திரேலியாவின் கார்வன் கணிப்பு கடந்த ஓராண்டில் எத்தனை முறை விழுந்தார், 50 வயதுக்குப் பின் எத்தனை முறிவு என்று கேட்கிறது. ஆனால் இவை இரண்டும் அந்தந்த நாட்டு மக்களை வைத்துச் செய்தவை. இங்கே எண்ணாகக் கொள்ளாமல் கேள்விப் பட்டியலாக வைத்துக்கொள்ளலாம்.

படிவம் முதலில், ஸ்கேன் பிறகு என்ற வரிசை பலன் தருமா என்பதற்குச் சான்று இருக்கிறது. பிரிட்டனில் குடும்ப மருத்துவமனைகள் வழியாக நடந்து 2018இல் வெளியான ஸ்கூப் ஆய்வு அது. 70 முதல் 85 வயது வரை 12,483 பெண்கள். பாதிப் பேருக்கு ஃப்ராக்ஸ் கணக்கைப் போட்டு, அபாயம் கூடுதலாக வந்தவர்களை மட்டும் ஸ்கேனுக்கு அழைத்தார்கள். ஐந்து ஆண்டுகளில் இடுப்பெலும்பு முறிவு 28 சதவீதம் குறைந்தது. மொத்த முறிவுகள் குறிப்பிடும்படி குறையவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மக்களைப் படுக்கையில் தள்ளுவது இடுப்பு என்பதால் எனக்கு முதல் எண்ணே போதும்.

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். ஓஸ்டாவுக்கு வேண்டியது வயதும் எடையும்தான். அவர்கள் பையில் எடை மெஷின் ஒன்றும், 'கட்டுப் போட்டதுண்டா' என்ற ஒரு கேள்வியும் சேர்ந்தால் என்ன செலவாகிவிடும் என்று கேட்டு வைக்கிறேன்.

தொடர்ச்சி

முதல் ஏற்றலுக்குப் பிறகு வந்த மழைக்காலத்தை ஸ்டீராய்டு மாத்திரை இல்லாமல் இன்ஹேலரோடு கடந்துவிட்டார். புதிய முறிவு இல்லை. உயரம் 147லேயே நிற்கிறது. இரண்டாம் ஏற்றலுக்கு முன் கிரியேட்டினினும் வைட்டமின் டியும் மறுபடி பார்க்க வேண்டும். மூன்று தவணை முடிந்ததும் நிறுத்தலாமா தொடரலாமா என்று அப்போது ஸ்கேன் எடுத்துத் தீர்மானிப்போம். முதுகெலும்பு முறிந்தவர் என்பதால் தொடர வேண்டியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

மகளுக்கு 46 வயது, அண்ணாநகரில் இருக்கிறார். தனக்கும் போட்டுப் பார்க்கச் சொல்லிக் கேட்டார். வயது 40ஐத் தாண்டியிருப்பதால் ஃப்ராக்ஸ் அவரை ஏற்கும். ஆனால் அது கேட்பது பெற்றோரின் இடுப்பெலும்பு முறிவை மட்டும்; அவருடைய அம்மாவுக்கு முறிந்தது மணிக்கட்டும் முதுகெலும்பும், இடுப்பு முறிந்தது பாட்டிக்கு. அந்தப் பெட்டியில் 'இல்லை' என்றுதான் குறிக்க முடிந்தது. எண் சிறியதாக வந்தது. உயரத்தை அளந்து அவர் கோப்பில் எழுதி, மாதவிடாய் நின்றதும் மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன்.